மேஸ்திரியையும் பிளம்பரையும் ஒரே நாளில் அழையுங்கள்

கேள்வி: சிவில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, இரண்டு ஆண்டுகளாகக் கோத்தகிரி வட்டாரத்தில் சிறிய வீடுகளை ஒப்பந்தம் எடுத்துக் கட்டித் தருகிறேன். மேஸ்திரி, கம்பி கட்டுபவர், பிளம்பர், எலக்ட்ரீஷியன் எனத் தனித்தனியே வந்துபோவதால், ஒருவர் செய்ததை அடுத்தவர் உடைக்கும்படி ஆகிறது. கோவையில் நடக்கும் கட்டுமானக் கண்காட்சிகளுக்குச் சென்று தொடர்புகளை வளர்த்துக்கொண்டால் இது சரியாகுமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: கண்காட்சிக்கு அவசியம் சென்று வாருங்கள், புதிய பொருள்களையும் அவற்றின் விலையையும் நேரில் தெரிந்துகொள்ளலாம். நீங்கள் எழுதியிருக்கும் சிக்கலை மட்டும் உங்கள் மனையிலேயே தீர்க்க வேண்டும்.

குன்னூரில் ஒரு வீட்டின் பின்புறம் எட்டடி உயரத்துக்குக் கருங்கல் தடுப்புச் சுவர் எழுப்பினோம். மண்ணில் ஊறும் நீர் வெளியேறுவதற்காக, மேஸ்திரி வரிசையாகக் குழாய்த் துண்டுகளைப் பதித்திருந்தார். அவர் வேறு வேலைக்குப் போன பிறகு வந்த பூச்சுக்காரர், அவை பார்வைக்கு நன்றாக இல்லையென்று அத்தனை துளைகளையும் சிமென்ட் கலவையால் அடைத்துவிட்டார். பிளம்பரோ கூரைத் தண்ணீர்க் குழாயைச் சுவருக்குப் பின்னால் இருந்த மண்ணிலேயே முடித்திருந்தார். ஐப்பசி மழையில் அந்தச் சுவர் நடுவில் வயிறு தள்ளி நின்றதைப் பார்த்தபோது எனக்குத் தூக்கம் போயிற்று. மூவருமே கைதேர்ந்தவர்கள், மூவரையும் ஒருநாள் அங்கே நிறுத்திப் பேச வைக்காதது என் தவறு.

நம் மலையில் இப்படிப்பட்ட தவறுகள் உயிரைக் கேட்கும். 2009 நவம்பர் மழையில் நேர்ந்த மண்சரிவுகளை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 2024 பிப்ரவரியில் ஊட்டி அருகே லவ்டேலில் தடுப்புச் சுவருக்காக மண் எடுத்துக்கொண்டிருந்தபோது, அருகிலிருந்த பழைய கழிப்பறைக் கட்டடம் சரிந்து ஆறு பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு, மலைச்சரிவில் மனைக்கு மேலே இருக்கும் வீட்டுக்காரரை நேரில் பார்த்து, அவருடைய கழிவுநீர்த் தொட்டி எங்கே இருக்கிறது, மழைநீர் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று கேட்காமல் நான் வானம் (அடித்தளப் பள்ளம்) தோண்ட ஆள் இறக்குவதில்லை.

ஆகவே, வானம் தோண்டுவதற்கு முந்தைய வாரத்தில் எல்லாரையும் மனைக்கு வரவழையுங்கள். அன்றைக்குரிய கூலியைக் கொடுத்துவிடுங்கள். கூலியில்லாமல் கூப்பிட்டால் யாரும் நின்று பேச மாட்டார்கள். குழாய்களும் வயர்களும் பீமையும் சுவரையும் எங்கெங்கே கடக்கின்றன என்பதை ஒரே வரைபடத்தில் குறித்து, கான்கிரீட் போடுவதற்கு முன்பே அங்கெல்லாம் குழாய்த் துண்டுகளை வைத்துவிட்டால், பின்னால் உளிக்கு வேலை இருக்காது.

பிற ஒப்பந்ததாரர்களைப் போட்டியாளர்களாக மட்டும் பார்க்காதீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து எம்-சாண்ட் ஏற்றிவரும் லாரி வாடகையை இருவர் பகிர்ந்துகொள்ளலாம்; கான்கிரீட் வார்க்க அச்சாக வைக்கும் சென்ட்ரிங் தகடுகளை மாற்றிக் கொடுத்து வாங்கலாம். 1994 முதல் இயங்கிவரும் கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் உங்கள் ஆட்கள் பதிவு செய்திருக்கிறார்களா என்று விசாரித்து, இல்லையென்றால் உடனிருந்து பதிவு செய்துகொடுங்கள். சித்தாள்கள் வரை அக்கறை காட்டுகிறவரைத் தேடித்தான் நல்ல மேஸ்திரிகள் வருகிறார்கள்.

குன்னூர்ச் சுவரைப் பிரித்துக் கட்ட எனக்கு இரண்டு மாதங்கள் பிடித்தன. இப்போதெல்லாம் மேஸ்திரியையும் பூச்சுக்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வடிகுழாய் ஒவ்வொன்றிலும் கம்பியை விட்டுப் பார்த்த பிறகே கடைசித் தவணையைக் கொடுக்கிறேன்.