கர்ணன் கேட்ட வரம்

அன்புள்ள ஐயா,

வேலூரில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் முதுகலை படிக்கிறேன். சொந்த ஊர் ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். துன்பியல் நாடகம் நடத்தும்போது, ஒவ்வொரு நாயகனையும் ஒரு குறைதான் வீழ்த்துகிறது என்று சொல்லிப் பட்டியல் எழுதிப் போட்டார்கள். மேக்பெத்துக்குப் பேராசை, ஒதெல்லோவுக்குச் சந்தேகம், ஹாம்லெட்டுக்குத் தயக்கம், ஈடிபஸுக்கு அகந்தை. தேர்வுக்கு அது போதும். ஆனால் இந்த ஆண்டு எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தார்கள். கர்ண மோட்சம் தெருக்கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கர்ணனுக்கு நேரே எந்தக் குறையை எழுதுவது என்று தெரியவில்லை. கொடுத்துக் கெட்டான் என்றால் கொடை ஒரு குறையா? இன்னொன்றும் கேட்க வேண்டும். துரியோதனன் வீழும் படுகளச் சடங்கன்று என் ஆயா துரியோதனனுக்காக மாரடித்து அழுதார். முழுக்கக் கெட்டவன் வீழ்ந்தால் பார்ப்பவருக்கு இரக்கம் வராது என்று அரிஸ்டாட்டில் சொல்கிறார். அப்படியானால் ஆயா எதற்காக அழுதார்?

இப்படிக்கு,
ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் பட்டியலில் மேக்பெத்தின் வரியை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். அரசனைக் கொல்வதற்கு முன்பே, தன்னை முடுக்குவது பேராசையைத் தவிர வேறொன்றுமில்லை என்று அவனே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறான். மற்றவர்கள் அவ்வளவு எளிதில் ஒரு சொல்லுக்குள் அடங்குவதில்லை. ஹாம்லெட்டை இப்போது விட்டுவிடுகிறேன். அவனுக்குத் தனிக் கடிதம் வேண்டும்.

ஈடிபஸை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் ஆளும் கிரேக்க நகரமான தீப்ஸில் கொள்ளைநோய். பழைய அரசனைக் கொன்றவனைக் கண்டுபிடித்தால்தான் ஊர் பிழைக்கும் என்று தெய்வவாக்கு வருகிறது. கண்டுபிடிப்பேன் என்று மக்களுக்கு வாக்குக் கொடுக்கிறான். டைரீசியஸ் என்ற குருட்டு முனிவர் தடுக்கிறார், மனைவி யொகாஸ்தா கெஞ்சுகிறாள், கடைசியில் ஒரு கிழட்டு இடையன் மன்றாடுகிறான். மூவருக்கும் அவன் செவிசாய்க்கவில்லை. அவனிடம் கோபமும் அவசரமும் நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஊர் செத்துக்கொண்டிருக்கும்போது அரசன் விசாரணையைப் பாதியில் கைவிட வேண்டும் என்று நாம் விரும்புவோமா? அவன் தேடும் கொலைகாரன் அவனேதான், பழைய அரசன் அவன் தந்தை. தந்தையைக் கொன்றதும் தாயை மணந்ததும் நாடகம் தொடங்குவதற்கு முன்பே, அறியாமல் நடந்து முடிந்தவை. அரிஸ்டாட்டில் ஈடிபஸைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். அவர் சொல்லும் காரணமும் கயமை அல்ல, பெரியதொரு பிழை. நாயகனின் நெஞ்சில் ஒரு கறையைத் தேடும் பழக்கம் பெரும்பாலும் பாடக் குறிப்புகளால் வளர்ந்தது.

ஒதெல்லோவுக்குச் சந்தேகம் என்று எழுதுவது இன்னும் மோசம். அவனைக் கெடுக்கத் திட்டமிடும் இயாகோ எதை நம்பித் தொடங்குகிறான் என்று பாருங்கள். இந்த மனிதன் வெள்ளை மனத்தவன், யோக்கியன்போல் நடிப்பவனையும் யோக்கியன் என்றே நம்புவான், இவனை எளிதாக இழுத்துப் போகலாம் என்று முதல் அங்கத்திலேயே சொல்கிறான். சந்தேகம் பிறகு ஊட்டப்பட்ட விஷம். அந்த விஷம் உள்ளே போன வழி அவனுடைய நம்பும் குணம்.

இதே கண்ணோடு கர்ணனுக்கு வாருங்கள். இந்திரன் அந்தணன் வேடத்தில் வந்து கவச குண்டலத்தைக் கேட்கிறான். வருபவன் யார், எதற்கு வருகிறான் என்று சூரியன் முன்கூட்டியே எச்சரித்தும் கர்ணன் அறுத்துக் கொடுக்கிறான். கடைசியில் கண்ணனும் அதே போல் ஏழை அந்தணனாக வந்து, செய்த புண்ணியம் அத்தனையையும் தானமாகக் கேட்கிறான். கர்ணனிடம், சபையில் திரௌபதியை வாய் கூசாமல் பேசிய பாவம் உண்டு, அபிமன்யுவைச் சூழ்ந்து கொன்றதில் பங்கும் உண்டு. ஆனால் அவனைச் சாய்க்க வந்த யாரும் அவற்றைத் தொடவில்லை. கேட்டால் கொடுப்பான் என்ற ஒன்றைத்தான் எல்லோரும் நம்பி வருகிறார்கள்.

கூத்தில் இது கண்ணெதிரே நடக்கிறது. இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று, கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிய வேடக்காரர் தன் பெருமையைத் தானே பாடிக்கொண்டு வருகிறார். கர்ணன் பாடும் பெருமை கொடைதான். களரியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஊர் முழுவதும் அதைக் கேட்டுவிடுகிறது. இனி விடிவதற்குள் அந்தச் சொல்லை அவன் காப்பாற்றியாக வேண்டும். செய்யாறு பக்கத்துப் புரிசையிலிருந்து உங்கள் ஆரணி வரை, 1989 வரை ஒரே வட ஆற்காடு மாவட்டமாக இருந்த இந்தப் பகுதியில் இந்த நாடகம் ஆண்டுதோறும் ஏதோ ஓர் ஊரில் நடந்துகொண்டே இருக்கிறது. முடிவு தெரியாதவர் அங்கே யாரும் இல்லை. இருந்தும் குந்தி வந்து நிற்கும்போது, கொடுத்துவிடாதே என்று மனம் பதறுகிறது.

குந்தி வரும் அந்த இடத்துக்கு மேல்நாட்டு மேடையில் ஒரு துணை உண்டு. ஷேக்ஸ்பியரின் கோரியோலேனஸைப் பாடத்தில் வைத்திருக்கிறார்களா என்று தெரியாது. இல்லாவிட்டாலும் தேடிப் படியுங்கள். தன்னை நாடு கடத்திய ரோமாபுரியை அழிக்க, பகைவரான வோல்சியரின் படையோடு வாசலில் வந்து நிற்கிறான் அந்த வீரன். பழைய நண்பர்கள் வந்து கெஞ்சியும் அசையவில்லை. கடைசியில் தாய் வொலும்னியா மருமகளையும் பேரனையும் அழைத்துக்கொண்டு வந்து மண்டியிடுகிறாள். அவன் நெடுநேரம் பேசாமல் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பிறகு, ரோமுக்கு வெற்றி தேடிக்கொண்டாய், உன் மகனுக்கு இதனால் உயிராபத்து என்று சொல்லி இணங்குகிறான். சொன்னபடியே வோல்சியர்கள் அவனை வெட்டிப்போடுகிறார்கள். பாடக் குறிப்பு இவனுக்குத் திமிர் என்று எழுதும். அவனை ஊரைவிட்டு விரட்டியது திமிர்தான். ஆனால் உயிரைக் குடித்தது, அந்தத் திமிர் உடைந்து அவன் மகனாக நின்ற அந்த ஒரு கணம்.

கர்ணனும் அப்படித்தான். பெற்றதும் ஆற்றில் விட்ட தாய், போருக்கு முன்னால் வந்து கேட்கிறாள். அர்ச்சுனனைத் தவிர மற்ற நால்வரைக் கொல்வதில்லை என்று கொடுக்கிறான். நாகாஸ்திரத்தை ஒருமுறைக்கு மேல் தொடுப்பதில்லை என்றும் கொடுத்ததாகத் தமிழ்ப் பாரத மரபு சொல்கிறது. அணிமாறி வா என்று அழைத்தபோது மட்டும் வரமுடியாது என்கிறான். சோறிட்டு மானம் காத்த துரியோதனனை விடமாட்டான். களத்தில் நால்வரும் கைக்குச் சிக்குகிறார்கள், விட்டுவிடுகிறான். நாகாஸ்திரம் அர்ச்சுனனின் முடியைத் தட்டிக்கொண்டு போகிறது, கொடுத்த வாக்கு மறுபடி தொடுக்க விடவில்லை.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு என் பதில். புண்ணியம் முழுவதையும் கொடுத்துவிட்டுச் சாகும் கர்ணனிடம், வேண்டும் வரம் கேள் என்கிறான் கண்ணன். மறுபிறவி என்று ஒன்று உண்டானால், இல்லையென்று கேட்டு வருபவருக்கு இல்லையென்று சொல்லாத இதயம் வேண்டும் என்கிறான் கர்ணன். எது தன்னைக் கொன்றதோ அதையே இன்னொரு முறை கேட்கிறான். கொடை அவனுக்கு நோயாக இருந்திருந்தால், அதைத் தீர்க்கும் மருந்தையல்லவா கேட்டிருப்பான்? ஒரு மனிதன் செத்தும் விடமறுக்கும் ஒன்றைக் குறை என்ற கட்டத்துக்குள் எழுத எனக்குக் கை வராது. கொடையைக் குறை என்று ஒரு நாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

துரியோதனன் வேறு. பொறாமையும் வீம்பும் அவனிடம் உண்மையாகவே இருந்தன, அவற்றால்தான் அழிந்தான். நாடகம் அதை மறைப்பதில்லை. ஆனால் அவன் சாகும்போது மேடை அவனை எப்படிக் காட்டுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பாசனின் ஊருபங்கம் என்ற சிறிய வடமொழி நாடகத்தில், தொடை முறிந்து கிடக்கும் துரியோதனனிடம் அவன் மகன் துர்ஜயன் வருகிறான். சின்னப் பிள்ளை, வழக்கம்போல் மடியில் உட்காரப் பார்க்கிறான். தகப்பன் வேண்டாம் என்று தடுக்க வேண்டியிருக்கிறது. சபையில் திரௌபதிக்குத் திறந்து காட்டிய அதே தொடை. செய்த அநியாயத்தின் பலன் இத்தனை பொருத்தமாக வேறெங்கும் வந்து சேர்ந்து நான் படித்ததில்லை. அதைப் பார்த்து, இவனுக்கு இது வேண்டும் என்று சொல்லவும் வாய் வருவதில்லை. அந்தத் துரியோதனன் மகனிடம், பாண்டவர்களை என்னைப் போலவே நினைத்துப் பணிவிடை செய் என்று சொல்லிவிட்டுச் சாகிறான்.

படுகளத்தில் நீளமாக மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனைச் சுற்றிப் பெண்கள் அழுவது சடங்கின் பகுதி. காந்தாரியின் இடத்தில் நின்று அழுகிறார்கள். அதே களத்தில், அதே நாளில், திரௌபதி கூந்தல் முடிக்கிறாள். அதற்கும் அதே பெண்கள் கைகூப்புகிறார்கள். முழுக்கக் கெட்டவனுக்கு இரக்கம் வராது என்று அரிஸ்டாட்டில் சொன்னது சரியே. எங்கள் மண்ணின் கூத்து துரியோதனனை முழுக்கக் கெட்டவனாக விட்டுவைப்பதில்லை. அன்று அவன் ஒரு தாய்க்குப் பிள்ளை, கர்ணனை அரசனாக்கிய நண்பன். உங்கள் ஆயா அந்தப் பிள்ளைக்காக அழுதிருக்கிறார். திரௌபதிக்கு நடந்ததை அவர் ஒரு நொடியும் மறந்திருக்க மாட்டார்.

தேர்வில் பட்டியலில் உள்ள சொல்லையே எழுதுங்கள், மதிப்பெண் போகாது. அடுத்த வரியில், அந்த நாயகனை வீழ்த்த வந்தவர் அவனிடம் எந்தக் குணத்தை நம்பி வந்தார் என்பதையும் எழுதுங்கள். ஒதெல்லோவில் தொடங்கலாம். அடுத்த முறை கர்ண மோட்சம் பார்க்கும்போது, போருக்குப் போக வேண்டாம் என்று கர்ணனின் மனைவி பொன்னுருவி தடுக்கும் இடத்தைக் கவனித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். உலகமே கேட்டதையெல்லாம் கொடுத்தவன் மனைவி கேட்டதை மட்டும் கொடுக்காமல் போகிறான். அதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.