வாசகர் கேள்வி – பதில்: கன்னிமாராவும் கோட்டூர்புரமும்

நூலகம் போவது பற்றிச் சேர்ந்துவிட்ட கடிதங்களை இந்த இதழில் மொத்தமாக எடுத்துக்கொண்டோம். அநேகமாக எல்லாமே சென்னையைப் பற்றியவை. பதில்களும் அப்படியே.

கல்யாணம் ஒன்றுக்காகச் சென்னை வருகிறேன். மறுநாள் முழுவதும் ஓய்வு. கன்னிமாரா, அண்ணா நூற்றாண்டு நூலகம் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா?
– வாசகி, தென்காசி

பார்க்கலாம். ஆனால் இரண்டிலும் உட்கார்ந்து படிக்க ஒரு நாள் போதாது. எதைச் சுற்றிப் பார்ப்பது, எதில் படிப்பது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

காலையில் கன்னிமாரா. எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து பக்கம்தான். பாந்தியன் சாலையில் அரசு அருங்காட்சியக வளாகத்தில் இருக்கிறது. ஆட்டோக்காரர்கள் பெரும்பாலும் ‘மியூசியம்’ என்றால்தான் தலையாட்டுவார்கள். அங்கே இறங்கியதும் டிக்கெட் வரிசையில் போய் நின்றுவிட வேண்டாம். டிக்கெட்டும் வெள்ளிக்கிழமை விடுமுறையும் அருங்காட்சியகத்துக்குத்தான், நூலகத்துக்கு இல்லை. கையில் பெட்டி இருந்தால் எழும்பூர் க்ளோக் ரூமிலேயே பூட்டி வைத்துவிடுங்கள். நூலக முகப்பில் பையை வாங்கி வைப்பார்களே தவிர, பயண மூட்டைக்கு அது இடமல்ல.

உள்ளே பழைய கட்டடம், புதிய கட்டடம் என்று இரண்டு உண்டு. பழையதற்கு 1890 மார்ச் 22 அன்று ஆளுநர் கன்னிமாரா பிரபு அடிக்கல் நாட்டினார். 1896 டிசம்பர் 5 அன்று திறந்தார்கள். (கன்னிமாரா என்பது அயர்லாந்தின் மேற்கே உள்ள ஒரு வட்டாரத்தின் பெயர். நம் ஊர்க் காதுக்கு அது ஏதோ கன்னிமார் கோயில் போலக் கேட்பது நல்ல தற்செயல்.) வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். எழும்பூர் ரயில் நிலையமும் அவர் வரைந்ததுதான். தேக்கு அலமாரிகள், வண்ணக் கண்ணாடி, அண்ணாந்து பார்க்க வைக்கும் கூரை வேலைப்பாடு எல்லாம் பழைய கட்டடத்தில். ஆனால் அதற்குள் நேராக நுழைந்துவிட முடியாது. புதிய கட்டடத்தின் முகப்பில் வந்த காரணத்தைச் சொல்லி அனுமதி கேட்க வேண்டும். அன்றாட வாசிப்பு நடப்பது புதிய கட்டடத்தில்.

பிற்பகல் கோட்டூர்புரம்; அண்ணா நூற்றாண்டு நூலகம் இருப்பது அங்கேதான். எழும்பூரில் மின்சார ரயில் ஏறி அடுத்த நிறுத்தமான பார்க்கில் இறங்குங்கள். பக்கத்திலேயே பார்க் டவுன். அங்கிருந்து வேளச்சேரி போகும் பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம். இறங்கினால் ஏறத்தாழ கால் மணி நேர நடை. 2010 செப்டம்பர் 15 அன்று திறந்த இந்த நூலகத்துக்கு ஒன்பது தளங்கள். எல்லாத் தளத்தையும் ஏறிப் பார்க்கிறேன் என்று கிளம்பினால் லிப்ட்டில்தான் பொழுது போகும். தமிழ்ப் புத்தகம் வேண்டுமானால் நேராக இரண்டாம் தளம். பிள்ளைகள் கூட வந்தால் முதல் தளம். பார்வையற்றோருக்கான பிரெய்ல் பகுதி தரைத்தளத்திலேயே இருக்கிறது. ஏசி பலமாக இருக்கும், ஒரு துண்டோ சால்வையோ இருக்கட்டும்.

படிப்பது எங்கே என்றால், கோட்டூர்புரம் என்போம். அங்கே நீங்களே அலமாரியில் கைவிட்டு எடுத்துப் புரட்டலாம். கன்னிமாராவின் அருமை, பெயர் தெரிந்த ஒரு பழைய நூலைத் தேடிப் போகிறவருக்குத்தான் தெரியும்.

இந்தியாவில் அச்சான எல்லாப் புத்தகமும் கன்னிமாராவில் இருக்கும் என்கிறார்களே, உண்மையா? என் தாத்தா 1930களில் ஒரு பதிகம் எழுதிச் சொந்தச் செலவில் அச்சிட்டார். வீட்டில் ஒரு பிரதிகூட இல்லை. போனால் கிடைக்குமா?
– வாசகர், காரைக்குடி

பாதி உண்மை. 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பதிப்பாளர் தான் வெளியிடும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதியை 30 நாளுக்குள் தன் செலவிலேயே கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. வேறு மூன்று நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி. அந்த மூன்றில் ஒன்று கன்னிமாரா. மற்றவை மும்பையிலும் தில்லியிலும். 1956இல் பத்திரிகைகளையும் இதில் சேர்த்தார்கள். அனுப்பாதவருக்கு என்ன தண்டனை தெரியுமா? 50 ரூபாய் வரை அபராதம், அதோடு அந்தப் புத்தகத்தின் விலை. இந்தத் தொகைக்குப் பயந்து தபால் செலவு செய்கிறவர் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறோம். ஆகவே 1954க்குப் பிந்திய நூல் என்றாலும் ‘இருக்க வேண்டும்’ என்றுதான் சொல்லலாம், ‘இருக்கிறது’ என்று சொல்ல முடியாது.

உங்கள் தாத்தாவின் நூலோ அதற்கு முந்தியது. எழும்பூருக்கு டிக்கெட் எடுப்பதற்கு முன் வீட்டிலேயே செய்யக்கூடியவை சில உண்டு.

முதலில் அவர் பெயர் எப்படியெல்லாம் அச்சாகியிருக்கலாம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். தமிழ் நூற்பட்டியலில் தேடுகிறவர்கள் அதிகம் வழுக்கி விழுவது இங்கேதான். உ.வே.சா. பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள்: சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாதையர் என்று மூன்று விதம். முதலெழுத்து முன்னால் வருமா பின்னால் வருமா, புள்ளிக்குப் பின் இடைவெளி உண்டா என்பதைப் பொறுத்தும் கணினி ‘இல்லை’ என்று சொல்லிவிடும். செட்டிநாட்டுப் பெயர்களில் ஊர், தகப்பனார் பெயர், வீட்டு விலாசம் என்று மூன்று நான்கு முதலெழுத்துகள் கோத்து வரும். முதலெழுத்துகளை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் தட்டிப் பாருங்கள். தலைப்பில் சந்தி இன்னொரு கண்ணி: ‘சிறுகதைக் களஞ்சியம்’ என்று ஒற்றோடும் ஒற்றில்லாமலும், சேர்த்தும் பிரித்தும் தேட வேண்டும். 1930களில் வடமொழி எழுத்து மிகுதி. ‘சண்முகம்’ அன்று ‘ஷண்முகம்’ ஆக இருந்திருக்கும்.

அடுத்தது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகம். இலவசம், பழைய சிறு நூல்கள் ஏராளமாக ஸ்கேன் செய்து ஏற்றப்பட்டிருக்கின்றன. அச்சிட்ட ஊரின் பெயரையும் போட்டுத் தேடிப் பாருங்கள்.

அங்கும் இல்லையென்றால் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். உங்களுக்கு இதுதான் முதல் நம்பிக்கை என்றே சொல்வோம். அந்தத் தொகுப்பைச் சேர்த்த ரோஜா முத்தையா உங்கள் பக்கத்து ஊரான கோட்டையூர்க்காரர். பெரிய நூல்களோடு நிற்காமல் நோட்டீஸ், அழைப்பிதழ், பாட்டுப் புத்தகம், பதிகம் என்று மற்றவர்கள் எடைக்குப் போட்டதையெல்லாம் வாங்கி வைத்தவர். அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் தொகுப்பை வாங்கி, அதைச் சென்னையிலேயே இருத்தி 1994இல் நூலகமாக்கியது. இங்கே அலமாரிக்குள் போக முடியாது. விவரம் எழுதிக் கொடுத்தால் எடுத்து வந்து தருவார்கள். முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

நூல் கிடைக்காமல் போனாலும் அது அச்சானதற்கான தடயம் கிடைக்கக்கூடும். 1867ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி மாகாண அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அச்சான நூல்களின் பட்டியலை வெளியிட்டு வந்தது. பக்க எண்ணிக்கை, விலை, அச்சகம், எத்தனை பிரதி என்பது வரை அதில் இருக்கும். ஆண்டைத் தோராயமாகச் சொல்ல முடிந்தால் அந்தப் பட்டியல்களைக் கேட்டுப் புரட்டலாம். ஐந்தாண்டு இடைவெளிக்கு இருபது பட்டியல்; ஒரு நாள் வேலை.

புத்தக முதுகில் 894.811 என்று ஒட்டியிருக்கிறார்களே, அது என்ன கணக்கு? அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனாலும் புத்தகம் கிடைப்பதில்லை.
– வாசகர், ஆவடி

டூயி தசமப் பகுப்பு. 8 என்றால் இலக்கியம், 894.8 திராவிட மொழிகள், 894.811 தமிழ். அதற்கு அடுத்த இலக்கம் வகையைச் சொல்லும்: 1 கவிதை, 2 நாடகம், 3 கதை, 4 கட்டுரை. ஆக 894.8113 என்றால் தமிழ்க் கதை.

கிடைக்காததற்குக் காரணம் அநேகமாகப் புள்ளிதான். புள்ளிக்குப் பின்னால் வருவதை முழு எண்ணாக வாசிக்கக் கூடாது. தமிழ்நாட்டு வரலாறு 954.82. இது 954.9க்கு அப்புறம் வரும் என்று நினைத்து அலமாரியின் கோடிக்குப் போவார்கள். எண்பத்திரண்டு ஒன்பதைவிடப் பெரிதல்லவா! ஆனால் இது ‘எட்டு, இரண்டு’. 954.8க்கும் 954.83க்கும் நடுவில் நிற்கும். புள்ளிக்குப் பின் ஒவ்வோர் இலக்கமாகத் தனித்தனியே ஒப்பிடுங்கள். எண் ஒன்றாகவே இருந்தால் கீழ் வரியில் உள்ள ஆசிரியர் எழுத்து வரிசையைப் பாருங்கள். அப்படியும் காணோமென்றால், யாரோ எடுத்துப் படித்துவிட்டு வேறு தட்டில் செருகியிருப்பார்கள். மேல் தட்டு, கீழ் தட்டு, மேசைமேல் கிடக்கும் அடுக்கு மூன்றையும் பார்த்துவிட்டு ஊழியரைக் கூப்பிடுங்கள். படித்த புத்தகத்தை மேசையிலேயே விட்டுவிடச் சொல்வதும் இதற்காகத்தான்; நல்லெண்ணத்தில் நாமே திருப்பி வைப்பதில்தான் பாதிப் புத்தகம் தொலைகிறது.

பழைய புத்தகத்தை ஜெராக்ஸ் எடுக்க விடமாட்டேன் என்கிறார்கள். ஏன்?
– ஆய்வு மாணவி, திருச்சி

முறிந்துவிடும் என்பதால். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதி தொடங்கி மரக்கூழ்த் தாள் வந்தது. மை ஊறாமல் இருக்கப் படிகாரமும் ரோசினும் சேர்த்தார்கள். அது மெல்ல அமிலமாகி நாரை அறுக்கிறது. சென்னையின் வெக்கையும் ஈரமும் அதை விரைவுபடுத்துகின்றன. அதற்கு முந்திய துணிநார்த் தாளில் அச்சான நூல் இன்றும் வளைகிறபோது, 1920ஆம் ஆண்டு நூல் ஓரத்தைத் தொட்டதும் அப்பளமாக உதிர்வது இதனால்தான். ஜெராக்ஸ் கண்ணாடியில் கவிழ்த்து அழுத்தினால் முதுகுத் தையல் முதலில் போகும், பிறகு தாள்.

செல்போனில் படம் எடுக்க அனுமதி கேளுங்கள். கிடைத்தால், பிளாஷை அணைத்துவிடுங்கள். புத்தகத்தை முழுக்கப் படுக்கவைத்துத் திறக்காமல், இரண்டு அட்டைக்கும் கீழே வேறு புத்தகமோ மடித்த துணியோ கொடுத்து ஆங்கில ‘வி’ போல நிறுத்துங்கள். இடப் பக்கங்களை முதலில் ஒரு சுற்று, வலப் பக்கங்களை அடுத்த சுற்று எடுத்தால் புத்தகத்தை ஒவ்வொரு முறையும் அசைக்க வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் முன் தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், நூலகச் சீட்டு எண் மூன்றையும் எடுத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அடிக்குறிப்பு எழுதும்போது, எந்தப் பதிப்பு என்று தெரியாமல் விழிப்பது இந்த மூன்று படம் இல்லாததால்தான்.

முழு நூலையும் பிரதி எடுக்கலாமா என்பது வேறு கேள்வி. ஆசிரியர் மறைந்து, அதற்கடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு கடந்திருந்தால் பதிப்புரிமைத் தடை இல்லை. அதற்கு முன் என்றால் ஆய்வுக்குத் தேவையான பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் மகள், தன் புத்தகங்களை நூலகத்துக்குக் கொண்டுபோய்ப் படிக்க முடியுமா?
– வாசகர், சைதாப்பேட்டை

கோட்டூர்புரத்தில் அதற்கென்றே தரைத்தளத்தில் தனிப் பகுதி இருக்கிறது. தேர்வு நெருங்கும் மாதங்களில் காலையில் திறக்கும்போதே போனால்தான் இடம். மேல் தளங்களுக்குச் சொந்தப் புத்தகம் கொண்டுபோக முடியாது. வெற்று நோட்டும் பேனாவும் போதும். வீட்டுக்குப் பக்கத்துக் கிளை நூலகத்தையும் விட்டுவிடாதீர்கள். ஒன்று மட்டும்: கிளை நூலகத்துக்கு வாராந்தர விடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிறு திறந்திருக்கும்.

நூலக வரி என்று வீட்டு வரியோடு பிடிக்கிறார்களே, எவ்வளவு?
– வாசகர், வேலூர்

சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியால் 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தில் தொடங்கிய ஏற்பாடு.

அப்பா விட்டுப்போன சுமார் 600 புத்தகங்களை நூலகத்துக்குக் கொடுக்க விரும்புகிறோம். எப்படிக் கொடுப்பது?
– வாசகி, தஞ்சாவூர்

வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்காதீர்கள். ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு என நான்கு பத்தியில் பட்டியல் போட்டு முதலில் அதைக் கொடுங்கள். அவர்களிடம் இல்லாததைக் குறித்துத் தருவார்கள். பழைய பாடப்புத்தகம், திருத்தம் வந்துவிட்ட சட்ட நூல், காலாவதியான வழிகாட்டிகள் யாருக்கும் வேண்டாம். மாறாக, நீங்கள் குப்பை என்று ஒதுக்கும் கோயில் மலர், பள்ளி ஆண்டுமலர், ஊர்ச் சங்கத்து அறிக்கை போன்றவைதான் வேறெங்கும் கிடைக்காதவை. அவற்றைத் தனியாகக் கட்டி, ஆய்வு நூலகம் ஒன்றுக்கு எழுதிக் கேளுங்கள்.

கொடுக்குமுன் ஒவ்வொன்றாக உதறிப் பாருங்கள். மாவு போலத் தூள் கொட்டினாலோ ஊசித் துளை தெரிந்தாலோ உள்ளே பூச்சி உயிரோடு இருக்கலாம். அந்துருண்டை முட்டையைக் கொல்லாது. வெயிலில் போட்டால் தாள்தான் சுருளும். பாலிதீன் உறையில் காற்றை வெளியேற்றிச் சுற்றி ஒட்டி, வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்காமல் ஒரு முழு நாள் அப்படியே இருக்கட்டும். உடனே பிரித்தால் குளிர்ந்த தாளில் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படிந்து, பூச்சி போன இடத்தில் பூஞ்சை வந்துவிடும்.