கேள்வி – பதில்: பௌதிகவியலில் முதுமாணிப் பட்டம்

கேள்வி: மூன்றாண்டு விஞ்ஞானமாணிப் பட்டம் பெற்று, உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பித்து வருகிறேன். பௌதிகவியலில் முதுமாணிப் பட்டம் பெற என்ன தேவை? ஓராண்டில் முடிக்க இயலுமா?
– ஆசிரியை ஒருவர், சுன்னாகம்

பதில்: உங்கள் பட்டம், கல்வித் தகைமைகளை மட்டங்களாக வரிசைப்படுத்தும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தின் 5ஆம் மட்டத்தைச் சேர்ந்தது; நான்காண்டுச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். முதுமாணியில் இரு வகை உண்டு. பாடநெறிகளை மட்டும் கொண்ட 9ஆம் மட்டப் பட்டத்துக்கு 30 கிரெடிட் போதும். 10ஆம் மட்டத்துக்கு 60 கிரெடிட் வேண்டும். அவற்றுள் குறைந்தது 15 ஆய்வுக்குரியவை. முன்னையதை ஓராண்டில் முடிக்கலாம் என்பது ஏட்டளவில் உண்மையே. ஆனால் ஒரு கிரெடிட் என்பது விரிவுரை, ஆய்வுகூடம், சுயகற்றல் யாவும் சேர்ந்து 50 மணித்தியாலம். ஆகவே 30 கிரெடிட்டுக்கு 1500 மணித்தியாலம், அதாவது ஆண்டு முழுவதும் வாரத்துக்கு ஏறத்தாழ 29 மணித்தியாலம் தேவைப்படும். பாடசாலை வேலையோடு, வார இறுதியில் பேராதனைக்கோ கொழும்புக்கோ பயணமும் சேர்ந்தால் இது இலேசான சுமையன்று.

நான் அதிகம் வற்புறுத்த விரும்புவது கணிதத்தையே. நீங்கள் வகுப்பில் எளிய ஊசலைக் கற்பிக்கையில், குண்டின் நிறையையும் இழையின் இழுவையையும் அம்புக்குறியிட்டு, விசைகளைத் துணித்துச் சமன்பாடு எழுதுவீர்கள். முதுமாணி வகுப்பிலோ இயக்கசக்தியிலிருந்து அழுத்தசக்தியைக் கழித்து, லக்ராஞ்சியன் எனும் அந்த ஒரே கோவையை வகையிட்டு அதே சமன்பாட்டை அடைவார்கள். இழுவை அங்கே தலைகாட்டாது. மின்காந்தவியல், குவாண்டம் பொறிமுறை, புள்ளிவிபரப் பொறிமுறை ஆகிய மூன்றும் இவ்வாறே பகுதி வகையீட்டுச் சமன்பாடுகளிலும் தாயங்களிலும் சிக்கலெண்களிலும் ஊன்றி நிற்பவை. பட்டப்படிப்பில் கணிதத்தை ஒரு பாடமாக எடுத்திருந்தால் நல்லது. இல்லையேல் ஆறு மாதமாவது அதைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

கலாநிதிப் பட்டம் வரை செல்லும் எண்ணம் இருந்தால் ஆய்வோடு கூடிய 60 கிரெடிட் வழியையே தேர்ந்தெடுங்கள். ஆய்வேட்டை எழுதி வாய்மொழித் தேர்விலும் அதை நிலைநாட்ட வேண்டுமாதலால், உங்களுக்கு விருப்பமான துறையில் உண்மையாகவே வேலை செய்துகொண்டிருக்கும் மேற்பார்வையாளர் அமைவது இன்றியமையாதது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையில் சூரிய மின்கல ஆய்வு நடைபெறுவதால், அதில் நாட்டம் இருப்பின் அப்பல்கலைக்கழகம் அமைந்துள்ள திருநெல்வேலிக்கு ஒருமுறை நேரில் சென்று துறையினருடன் பேசுங்கள். பெறுபேற்றுப் பத்திரத்தையும் கொண்டு செல்லுங்கள். எந்தப் பாடத்தில் இடைவெளி இருக்கிறதென்பதை அதைப் பார்த்தே அவர்கள் சொல்லிவிடுவார்கள்.