மகளின் படிப்புப் பணம் யார் பெயரில் இருக்கிறது?

மஞ்சக்குப்பம் அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் முதல் திருமணத்தில் பிறந்த மகள் பிளஸ் ஒன், கணவரின் மறைந்த முதல் மனைவிக்குப் பிறந்த பையன் ஒன்பதாவது, உங்கள் இருவருக்கும் பிறந்த பாப்பாவுக்கு நாலு வயது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகமா, கடலூரிலேயே பெரியார் கலைக் கல்லூரியா, இல்லை இன்ஜினியரிங்கா என்று கேட்டிருக்கிறீர்கள். மார்க் வந்ததும் அதைப் பேசலாம், நேரமிருக்கிறது. எனக்கு உறுத்தியது வேறு: "அவர் என் மகளைச் சொந்தப் பெண்ணாகத்தான் பார்க்கிறார், செலவை அவரே பார்த்துக்கொள்வார்" என்று எழுதியிருக்கிறீர்களே, அது. இருக்கிறவரை நிச்சயம் பார்ப்பார். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

நீங்கள் இந்துக் குடும்பம், அதனால் 1956 வாரிசுரிமைச் சட்டம்தான் பேசும். உயில் எழுதாமல் அவர் போய்விட்டால் சொத்து மனைவி, பிள்ளைகள், அவருடைய தாய் என்று சம பங்காகப் பிரியும். மனைவியின் முதல் திருமணத்துப் பிள்ளை அந்தக் கணக்கில் வராது. எவ்வளவு பாசமாக வளர்த்திருந்தாலும் சரி, வாரிசுச் சான்றிதழில் உங்கள் மகள் பெயர் இருக்காது. உங்கள் பெயரில் உள்ள மனையிலும் இதே நிலைதான், அந்தப் பையன் உங்கள் மகனாகக் கணக்கில் வரமாட்டான்.

ஆகவே இருவரும் தனித்தனியாக உயில் எழுதுங்கள். வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம், இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பங்கு பெறுகிறவர் யாரும் சாட்சியாக வேண்டாம். பதிவு கட்டாயமில்லை, ஆனால் இரண்டு பக்கச் சொந்தக்காரர்கள் இருக்கும் வீட்டில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவதுதான் நல்லது. "வீடு மூவருக்கும் சமம்" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள், ஏனென்றால் மைனர் பிள்ளையின் பங்கை விற்க கோர்ட் அனுமதி வேண்டும், காலேஜ் ஃபீஸ் அதற்காகக் காத்திருக்காது. யார் படிப்புக்கு எந்த டெபாசிட், எவ்வளவு என்று எழுதுங்கள். இன்னொன்று, மாற்றாந்தந்தை சட்டப்படி இயற்கைக் காப்பாளர் இல்லை, அதனால் மகளுக்குப் பதினெட்டு ஆகும்வரை உங்களுக்கு ஏதாவது ஆனால் அவளுக்காக யார் கையெழுத்துப் போடுவது என்பதையும் வக்கீலிடம் கேட்டு முடிவு செய்துவிடுங்கள்.

நாமினியை எல்லாவற்றிலும் பாருங்கள். எல்ஐசியில், பிஎஃப்பில் இன்னும் மறைந்த மனைவி பெயரோ அண்ணன் பெயரோ இருக்கலாம். நாமினி போட்டால் போதும், உயில் எதற்கு என்றும் நினைக்காதீர்கள். ஷேர், மியூச்சுவல் ஃபண்டில் நாமினி ஆனதாலேயே ஒருவர் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

மகளின் மறைந்த அப்பா வழியில் பங்கு கேட்கக் கூச்சப்படாதீர்கள். நீங்கள் மறுமணம் செய்ததால் அவள் பங்கு போய்விடாது. பண்ருட்டிப் பக்கம் அந்த முந்திரித் தோப்பு அவர் சொந்தமாக வாங்கி, உயில் எழுதாமல் விட்டது என்றால் உங்களுக்கும் அவளுக்கும் அவருடைய அம்மாவுக்கும் அதில் சம பங்கு. பட்டாவும் வில்லங்கச் சான்றும் எடுத்துப் பாருங்கள்.

ஃபீஸுக்குக் கல்விக்கடன் என்றால் வங்கியில் 4 லட்சம் வரை பொதுவாக ஈடு கேட்க மாட்டார்கள், படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணையும் இல்லை. மகள் ஆறிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உண்டு, தொழிற்கல்வி என்றால் 7.5 சதவீத ஒதுக்கீடும் உண்டு. பாப்பாவுக்குச் செல்வமகள் கணக்கை இப்போதே தொடங்குங்கள், பத்து வயதுக்குள்தான் தொடங்க முடியும். புதுச்சேரிக்கு வீடு மாறினால் சென்டாக்கில் (அங்குள்ள அரசு மாணவர் சேர்க்கை அமைப்பு) சீட் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அங்கே பல வருடம் குடியிருந்த சான்று கேட்பார்கள்.

அப்புறம் அந்தப் பையன். அவன் அம்மா விட்டுப்போன நகை அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் உரியது. அதை எடை போட்டு, பட்டியல் எழுதி, தனியாக லாக்கரில் வையுங்கள். உங்கள் மகள் ஃபீஸுக்கு எவ்வளவு நெருக்கடி வந்தாலும் அதில் ஒரு குண்டுமணி தொடாதீர்கள். அதை அவன் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே அவனை உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள்.