வேப் (மின்சிகரெட்) திரவத்தில் வெஜிடபிள் கிளிசரினா, புரொப்பிலீன் கிளைக்காலா: எதைத் தேர்ந்தெடுப்பது?

வேப் பாட்டிலில் 70/30, 50/50 என்று போட்டிருப்பது இந்த இரண்டும் கலந்திருக்கும் விகிதம்தான். நிகோட்டினையும் வாசனையையும் சுமந்துகொண்டு ஆவியாக மாறுவது இவற்றின் வேலை.

கிளிசரின் தாவர எண்ணெயிலிருந்து வருவது, கெட்டியானது, லேசாக இனிக்கும், புகை நிறைய வரும். கிளைக்கால் அதைவிட நீர்த்தது, வாசனையைத் தெளிவாகக் காட்டும், ஆனால் தொண்டையில் சுருக்கென்று பிடிக்கும்.

உங்கள் ருசியைவிடக் கருவியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். திரியில் மண்ணெண்ணெய் சட்டென்று ஏறும், விளக்கெண்ணெய் மெதுவாகத்தான் ஏறும் இல்லையா, அதே மாதிரி சின்ன பாட் கருவியில் (குறைந்த வாட்டில் ஓடும் சிறிய வேப்) 70 சதவீதக் கிளிசரின் ஊற்றினால் திரவத்தை உறிஞ்சும் பஞ்சு நனைவதற்குள் சூடேற்றும் கம்பிச்சுருள் (coil) சூடாகி, கருகிய நாற்றம் வந்துவிடும். அதற்கு 50/50 சரி. அதிக வாட்டில் ஓடும் பெரிய கருவிக்கு 70 கிளிசரின் போகலாம். தொண்டை எரிந்தால் கிளைக்கால் குறைந்ததை எடுங்கள், அப்புறம் நிகோட்டின் அளவையும் பாருங்கள், எரிச்சலுக்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

இரண்டும் உணவில் சேர்க்கும் பொருள்தானே, இழுத்தால் என்ன என்று பலர் கேட்கிறார்கள்: அந்த அனுமதி வயிற்றுக்கு மட்டும்தான், நுரையீரலுக்கு இல்லை, அதிகம் சூடேறினால் இரண்டிலிருந்தும் ஃபார்மால்டிஹைடு உருவாகும்.