எட்டெக் ஆய்வுக்குப் பணம் எங்கே கிடைக்கும்? கேட்டவர்களுக்குப் பதில்கள்

எட்டெக் என்கிற கல்வித் தொழில்நுட்பத்தில் பிஎச்டி செய்கிறவர்களும், முடித்துவிட்டு வேலையில் சேர்ந்து நாலைந்து வருடம் ஆனவர்களும் ஆய்வு நிதி பற்றிக் கேட்கலாம் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. நான் சென்னையில் கல்வியியல் பாடம் எடுப்பவள், நிதி கேட்டு வரும் விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடும் வேலையும் பார்த்திருக்கிறேன். கல்விக் கடன், பி.எட். சேர்க்கை பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும், அது என் ஏரியா இல்லை.

தாம்பரம் ஆய்வு மாணவர்: "வளரும் நாட்டு இளம் ஆய்வாளர்களுக்கான நிதியுதவிகள்" என்று வாட்ஸப்பில் ஒரு பட்டியல் வந்தது மேடம். எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

அந்தப் பட்டியல் எனக்கும் வந்தது, வருஷா வருஷம் வரும். வளரும் நாடு என்றால் நாமும்தானே என்று நினைத்துப் பத்து நாள் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதாதீர்கள். முதல் வேலை, தகுதியுள்ள நாடுகளின் பட்டியலைத் திறந்து இந்தியா இருக்கிறதா என்று பார்ப்பது. இத்தாலியின் திரியெஸ்தில் இருக்கும் டி.டபிள்யூ.ஏ.எஸ். என்ற உலக அறிவியல் கழகத்தின் ஆய்வு நிதி, அறிவியலில் பின்தங்கிய நாடுகளுக்கானது. அதில் நாம் இல்லை, கல்வியியலும் இல்லை. பெண் ஆய்வாளர்களுக்கான ஓ.டபிள்யூ.எஸ்.டி. பிஎச்டி உதவித்தொகையும் அப்படித்தான். இதே டி.டபிள்யூ.ஏ.எஸ்.ஸோடு சேர்ந்து இந்தியா நடத்தும் திட்டங்களில் நாம் மற்ற நாட்டுப் பிள்ளைகளை இங்கே வரவழைக்கும் இடத்தில் இருக்கிறோம். பெரிய பதிப்பகங்கள் கட்டுரை வெளியிட வாங்கும் கட்டணத்தில் தரும் தள்ளுபடியும் பெரும்பாலும் நமக்குக் கிடையாது. தலைக்கு வருமானம் குறைவுதான், ஆனால் மொத்தப் பொருளாதாரம் பெரிது என்று கழித்துவிடுகிறார்கள். ஆக, பட்டியலில் பாதிக்கு மேல் அடித்துவிடலாம்.

மடிப்பாக்கம் டீச்சர்: வயது 36, தனியார் பள்ளி வேலை, பகுதி நேர பிஎச்டி. மாத உதவித்தொகை ஏதாவது உண்டா அக்கா?

யு.ஜி.சி. நெட் தேர்வு எழுதி வாங்கும் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், ஆனால் வயது வரம்பு 30. பெண்களுக்கு 5 வருடத் தளர்வு சேர்த்தாலும் நீங்கள் ஒரு வருடம் தாண்டிவிட்டீர்கள். சமூக அறிவியல் ஆய்வுக்கு நிதி தரும் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். அமைப்பின் முனைவர் பட்ட உதவித்தொகையும், ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு வைத்துத் தரும் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகையும் முழுநேரக்காரர்களுக்கு. வேலையை விட முடியாது என்றால் மாதச் சம்பளம் மாதிரி வரும் பணத்தைத் தேடாதீர்கள். உங்கள் வகுப்பறையிலேயே தரவு எடுக்கிற மாதிரி ஆய்வை அமைத்தால் செலவு பாதியாகிவிடும்.

ஆவடி உதவிப் பேராசிரியர்: நான் கம்ப்யூட்டர் சயின்ஸ். தமிழ் வழிப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தரும் செயலி செய்யப் போகிறேன். ஐ.சி.எஸ்.எஸ்.ஆரில் கேட்கவா, ஏ.என்.ஆர்.எஃப்.பில் கேட்கவா?

இதுதான் உருப்படியான கேள்வி. இந்தியாவில் "எட்டெக்" என்று பலகை மாட்டிய கதவு எதுவும் இல்லை. மூன்று கதவு இருக்கிறது, எதைத் தட்டுகிறோமோ அதற்கேற்ற மாதிரி கேள்வியை எழுத வேண்டும். அறிவியல் ஆய்வுக்கு நிதி தரும் மத்திய அரசு அமைப்பு முன்பு எஸ்.இ.ஆர்.பி. என்று இருந்தது, 2023 சட்டத்தால் ஏ.என்.ஆர்.எஃப். ஆகிவிட்டது. அங்கே நிரந்தரப் பணியில் இருக்கும் இளம் ஆசிரியர்களுக்குப் பிரதமர் பெயரில் ஒரு திட்டம் இருக்கிறது, 3 வருடத்துக்கு 60 லட்சம் வரை. ஆனால் படிக்கப் போவது கணினி ஆட்கள். "மாணவர்களின் ஆர்வம் கூடும்" என்று எழுதினால் கீழே வைத்துவிடுவார்கள். பிள்ளை அடுத்து எந்த இடத்தில் தவறு செய்யும் என்று கணிக்கும் மாதிரியில் நீங்கள் புதிதாக என்ன செய்கிறீர்கள் என்றுதான் கேட்பார்கள். ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். 1969இலிருந்து இருக்கிறது, சமூக அறிவியல். அங்கே செயலி வெறும் கருவி, யாருக்குப் பயன்படுகிறது, யார் விடுபடுகிறார்கள் என்பதுதான் கேள்வி. மூன்றாவது என்.சி.இ.ஆர்.டி.யில் கல்வி ஆய்வுக்கு நிதி தரும் எரிக் குழு. அதிகம் பேர் எட்டிப் பார்க்காத இடம், பள்ளிக் கல்வி என்றால் முதலில் அங்கேதான் பார்ப்பேன்.

அப்புறம் தலைப்பு. "செயற்கை நுண்ணறிவு வழி ஸ்மார்ட் கற்றல்" என்ற பெயரில் வருகிற விண்ணப்பங்களைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. "ஹைடெக் லேபில் கணக்குப் பயிற்சி செய்யும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பின்னக் கூட்டலில் எந்தப் படியில் திரும்பத் திரும்பத் தடுமாறுகிறார்கள்" என்று எழுதிப் பாருங்கள். உங்களுக்கே என்ன செலவாகும் என்று தெரிந்துவிடும். நீங்கள் அனுப்பிய பட்ஜெட்டில் 40 டேப்லெட் போட்டிருக்கிறீர்கள், குழு முதலில் கை வைப்பது அதில்தான். அரசு உயர்நிலைப் பள்ளிகளில் லேப் ஏற்கெனவே இருக்கிறது, அதைப் பயன்படுத்துகிறேன் என்று எழுதி அந்தப் பணத்தைக் களப்பணியாளர் சம்பளத்துக்கு மாற்றுங்கள். அங்கேதான் எல்லோரும் குறைத்துப் போட்டுவிட்டு ஆறாம் மாதம் முழிக்கிறார்கள்.

அடையாறு ஆய்வாளர்: வெளிநாட்டு அமைப்பு ஒன்று எங்கள் ஆய்வுக்குப் பணம் தரத் தயார். கல்லூரிக்கு வெளிநாட்டு நிதி வாங்கத் தேவையான எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப் பதிவு இல்லை. பதிவு உள்ள ஒரு தொண்டு நிறுவனம் வாங்கி எங்களுக்குத் தருவதாகச் சொல்கிறது.

வேண்டாம். முதலில் இதை மனதில் வையுங்கள், ஆய்வு நிதி உங்களுக்கு வருவதில்லை, உங்கள் நிறுவனத்துக்கு வருகிறது. வெளிநாட்டுப் பணம் வர நிறுவனத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டு நிதியை இன்னொன்றுக்குக் கைமாற்றவே கூடாது, அந்த நிறுவனத்துக்கும் பதிவு இருந்தால்கூட. முதல் ரூபாய் வந்து இறங்கும் கணக்கும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில்தான் இருக்க வேண்டும். சட்டத்தால் அமைக்கப்பட்டு நாட்டின் தலைமைத் தணிக்கையாளரான சி.ஏ.ஜி.யின் தணிக்கைக்கு உட்பட்ட அமைப்புகளுக்கு விலக்கு உண்டு. அதனால் சில அரசுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து, அவர்களை முதன்மை நிறுவனமாக வைத்து விண்ணப்பிப்பது ஒரு வழி. பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்வார்த்தை உதவாது. ஃபுல்பிரைட் மாதிரி உங்கள் பெயருக்கே வரும் உதவித்தொகை வேறு கணக்கு, இதோடு குழப்பாதீர்கள்.

பெயர் போடாதவர்: வெளிநாட்டுப் பணம் இன்னும் வருகிறதா, இல்லையா?

குறைந்திருக்கிறது. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்டை 2025 ஜூலையோடு மூடிவிட்டார்கள். பிரிட்டன் மற்ற நாடுகளுக்குத் தரும் உதவியை 2027க்குள் தேசிய வருமானத்தில் 0.3 சதவீதமாகக் குறைக்கிறது. 2019இல் தொடங்கிய எட்டெக் ஹப் போன்ற ஆய்வு அமைப்புகள் பெரிதும் நம்பியிருந்தது அந்த மாதிரிப் பணத்தைத்தான். வளரும் நாட்டு ஆய்வுகளுக்கு நிதி தரும் கனடாவின் ஐ.டி.ஆர்.சி. 2013இல் திறந்த கல்வி வளங்கள், அதாவது யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய பாடப்பொருள்கள் பற்றி ஒரு பெரிய ஆய்வுக்குப் பணம் தந்தது, பல நாட்டு இளம் ஆய்வாளர்கள் அதில் சின்னச் சின்னத் துண்டு எடுத்துச் செய்தார்கள். தனியாக விண்ணப்பிப்பதைவிட அப்படி ஒரு கூட்டில் சேரப் பாருங்கள்.

போரூர், அண்ணா நகர், இன்னும் மூன்று பேர்: உங்கள் விண்ணப்பத்தின் மாதிரி ஒன்று அனுப்ப முடியுமா?

முடியாது.

பல்லாவரம் மாணவி: மாநாட்டுப் பயண உதவி கிடைத்திருக்கிறது, பதிவுக் கட்டணம் மட்டும் முன்னால் கட்டச் சொல்கிறார்கள்.

கட்டாதீர்கள்மா. உதவி தருகிறவன் உங்களிடம் பணம் கேட்க மாட்டான். பிராசஸிங் கட்டணம், டெபாசிட், "திரும்பத் தரப்படும்" என்று எந்தப் பெயரில் கேட்டாலும் இதே பதில்தான்.

குரோம்பேட்டை: ஒரு எட்டெக் நிறுவனம் ஐந்து லட்சமும் தரவும் தருகிறேன் என்கிறது. ஒப்பந்தத்தில் "முடிவுகளை வெளியிடும் முன் நிறுவனத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் பெற வேண்டும்" என்று இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

அந்த வரி இருக்கிறவரை போடாதீர்கள். "ஒப்புதல்" என்பதை அடித்துவிட்டு, "30 நாள் முன்னதாகப் படிக்கத் தரப்படும்" என்று மாற்றச் சொல்லுங்கள். மாற்ற மறுத்தால் அவர்களுக்கு வேண்டியது விளம்பரம்.

வேளச்சேரி ஸ்டார்ட்அப்காரர்: மேடம், இது அநியாயம். அரசுப் பணம் வர ஒரு வருடம் ஆகிறது, அதற்குள் செயலியே மாறிவிடுகிறது. லட்சக்கணக்கான பிள்ளைகளின் தரவு நிறுவனங்களிடம்தான் இருக்கிறது. உங்களை மாதிரி ஆட்கள் சந்தேகப்பட்டே ஆய்வைக் கெடுக்கிறீர்கள்.

தரவு உங்களிடம் இருப்பது உண்மை, அரசுப் பணம் ஆமை வேகம் என்பதும் உண்மை. அதனால் ஒப்புதல் அதிகாரம் உங்களுக்கு வேண்டும் என்பது எப்படி? பொருளாதார ஆய்வாளர் கார்த்திக் முரளிதரன் குழு டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற கற்றல் மென்பொருளை ஆய்வு செய்தது. யாருக்கு இடம் என்று குலுக்கல் போட்டார்கள், நாலரை மாதத்தில் கணக்கில் 0.37 திட்டவிலகல் (மதிப்பெண்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதை வைத்து அளக்கும் அளவு) முன்னேற்றம், 2019இல் கட்டுரை வந்தது. தனியார் தயாரிப்புதான், முடிவு நல்லதாகத்தான் வந்தது, உலகமே நம்புகிறது. ஏன்? கெட்டதாக வந்திருந்தாலும் அச்சேறியிருக்கும்.

வேளச்சேரி ஸ்டார்ட்அப்காரர்: அதில் மென்பொருளோடு ஆசிரியரின் குழு வகுப்பும் சேர்ந்திருந்ததே! எது வேலை செய்தது என்று யாருக்குத் தெரியும்?

சரியான பாயிண்ட். அதைக் கட்டுரையிலேயே படித்துத்தானே நீங்களும் சொல்கிறீர்கள். ஒப்புதல் கேட்கும் நிறுவனம் அந்தப் பத்தியை விட்டுவைத்திருக்குமா?

நங்கநல்லூர்: 22 பில்லியன் டாலர் மதிப்பு என்றார்களே பைஜூஸ், 2024இல் திவால் வழக்கில் நின்றது. அப்போதும் பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

வேளச்சேரி ஸ்டார்ட்அப்காரர்: ஒரு கம்பெனியை வைத்து எல்லோரையும் எடை போடாதீங்க.

எடை போடவில்லை. உங்கள் நிறுவனம் ஒப்புதல் வரியை எடுத்துவிட்டு ஒரு ஒப்பந்தம் அனுப்பட்டும், இங்கேயே நாலு பேர் கை தூக்குவார்கள். தரவைக் கொடுக்கும்போது 2023 தனிநபர் தரவுச் சட்டத்தையும் பாருங்கள், 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தை, பெற்றோர் சம்மதம் வேண்டும். இதை இத்தோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

மணலி: எஃப்.சி.ஆர்.ஏ. இல்லாமல் வெளிநாட்டு நிதி...

மேலே அடையாறுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திருவொற்றியூர்: நிதி வந்துவிட்டது, அரசுப் பள்ளிக்குள் நுழைய யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

பள்ளிக் கல்வித் துறை அலுவலகங்கள் இருக்கும் கல்லூரிச் சாலை டி.பி.ஐ. வளாகம், இப்போது பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம். இயக்குநருக்கு வழிகாட்டியின் கடிதம், கேள்வித்தாள், பள்ளிகளின் பெயர்ப் பட்டியல் மூன்றும் சேர்த்துக் கொடுங்கள். தலைமையாசிரியர் தெரிந்தவர் என்று நேரே போகாதீர்கள், அவருக்குத்தான் சிக்கல். காலாண்டு, அரையாண்டுத் தேர்வு நேரத்தைத் தவிர்த்து தேதி கேளுங்கள்.

அம்பத்தூர்: கட்டுரை வெளியிட இரண்டாயிரம் டாலர் கேட்கிறார்கள், அதற்கு நிதி உண்டா?

எதற்கு? ஏ.ஜே.இ.டி.யும் ஐ.ஆர்.ஆர்.ஓ.டி.எல்.லும் நம் துறையின் திறந்த இதழ்கள், கட்டணம் கிடையாது. பெரிய இதழ்களில் சந்தா வழியைத் தேர்ந்தெடுத்தால் ஒரு பைசா செலவில்லை. ஏற்கத்தக்க இதழ்கள் என்று யு.ஜி.சி. வைத்திருந்த கேர் பட்டியலையே கைவிட்டுவிட்டார்கள், இன்னும் அந்தப் பெயரைச் சொல்லிப் பணம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ராயபுரம்: இரண்டாம் தவணை எட்டு மாதமாக வரவில்லை.

யூ.சி., அதாவது பணத்தை எதற்குச் செலவு செய்தீர்கள் என்ற பயன்பாட்டுச் சான்றிதழ், அனுப்பினீர்களா? ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவம், செலவுக் கணக்கு, இரண்டிலும் நிதி அலுவலர் கையெழுத்து. மார்ச் 31 கணக்கோடு செலவான தொகை ஒரு ரூபாய் இடித்தாலும் திரும்பி வரும். போய்ப் பாருங்கள், பத்தில் ஒன்பது தடவை உங்கள் கல்லூரி அக்கவுண்ட்ஸ் பிரிவு மேஜையிலேயே கிடக்கும்.