பழைய கார்புரேட்டர் பைக்கை எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்ப மாற்ற முடியுமா?

2011ஆம் ஆண்டு வாங்கிய 150 சிசி கார்புரேட்டர் பைக் வைத்திருக்கிறீர்கள். எத்தனால் பெட்ரோலுக்கு மாற்றித் தருவதாகச் சொல்லி ஒருவர் ‘கிட்’ விற்கிறார். வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்க வேண்டாம். உங்கள் பைக் ஏற்கெனவே எத்தனால் கலந்த பெட்ரோலில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. 2022இல் இந்தியா 10 சதவீதக் கலப்பை எட்டியது. 20 சதவீதம் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025இல் நாடெங்கும் வழக்கமான பெட்ரோலாகவே ஆகிவிட்டது. சென்னையில் எந்த பங்க்கில் சாதாரண பெட்ரோல் கேட்டாலும் அதுதான் கிடைக்கும். ஆகவே உங்கள் வண்டிக்கு வேண்டியது மாற்றம் அல்ல, பராமரிப்பு. அதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய். என்னிடமும் அதே காலத்து வண்டிதான் இருக்கிறது. வேளச்சேரியிலிருந்து கிண்டிக்கு அன்றாடம் அதில்தான் போய்வருகிறேன்.

முதலில் ரப்பர். எத்தனாலுக்குப் பழைய நைட்ரைல் ரப்பர் ஆகாது. பெட்ரோல் டியூப், பெட்ரோல் டேப்பின் வாஷர், ஃப்ளோட் பவுலைச் (கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தங்கும் கிண்ணம்) சுற்றி இருக்கும் ஓ ரிங் என்ற ரப்பர் வளையம், அந்தக் கிண்ணத்துக்கு வரும் பெட்ரோலைத் திறந்து மூடும் ஃப்ளோட் நீடிலின் முனை எல்லாம் பாதிக்கப்படும் பாகங்களில் அடங்கும். என் கார்புரேட்டரைப் பிரித்தபோது அந்த ஓ ரிங் ஊறிப் பெருத்துப்போய், எடுத்த பள்ளத்துக்குள்ளேயே மறுபடி உட்கார மறுத்தது. பவுலின் அடியில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. கார்புரேட்டர் உடம்பில் இருக்கும் துத்தநாகக் கலவை அரிபட்டால் வருவது அது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ உங்கள் மாடலுக்கான கார்புரேட்டர் ரிப்பேர் செட் கிடைக்கும். வாங்கும்போது 20 சதவீத எத்தனாலுக்கு ஏற்றதா என்று கேட்டு, உறையில் அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். டியூபை மட்டும் எத்தனாலைத் தாங்கும் வைட்டான் ரப்பர் வகையில் போட்டுவிடுங்கள். விலை கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் ஒழுகும் விஷயத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

அடுத்தது ஜெட், அதாவது எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை அளந்து விடும், துளையுள்ள சிறு பாகம். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிராம் போதும். 20 சதவீதக் கலவைக்கு இது சுமார் 13.5 ஆகிறது. கார்புரேட்டருக்கு இதெல்லாம் தெரியாது. பழைய அளவிலேயே எரிபொருளை விடும். அதனால் கலவை மெலிகிறது (காற்றுக்கு ஏற்ற எரிபொருள் இல்லை), எஞ்சின் சூடாகிறது, திராட்டிலை மூடும்போது சைலென்சரில் வெடிச் சத்தம் கேட்கிறது. பிஎஸ் 6 என்ற புதிய மாசு விதிக்கு ஏற்ற வண்டிகளில், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் சென்சார் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். நம் வண்டியில் அதைச் செய்ய வேண்டியது மெக்கானிக்தான். நல்ல வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்டி, எஞ்சினை அணைத்து, ஆறியபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை இளம்பழுப்பாக இருந்தால் எதையும் தொட வேண்டாம். வெளிறிப்போயிருந்தால் மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கி, ஏர் ஸ்க்ரூவைத் திருப்பி ஐடிலிங்கைச் சரிசெய்தால் போதும். விற்கப்படும் கிட்டுகள் பலவற்றில் இருப்பதும் இந்த ஜெட்டும் ரப்பரும்தான், ஒரு பளபளப்பான ஸ்டிக்கரும் சேர்த்து.

இனி சென்னைக்காரர்கள் உண்மையிலேயே கவலைப்பட வேண்டியது: தண்ணீர். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். கொஞ்சம் ஈரம் என்றால் தன்னோடு கலந்து எரித்தும்விடும். அளவு மீறினால் தண்ணீர் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு டேங்க்கின் அடிக்குப் போய்விடுகிறது. டேப் உறிஞ்சுவது அடியில் இருப்பதைத்தானே? வண்டி கிளம்பாது. மேலே மிஞ்சிய பெட்ரோலும் எத்தனாலை இழந்ததால் ஆக்டேன் (எஞ்சினில் தட்டும் சத்தம் இல்லாமல் எரியும் தன்மை) குறைந்துபோயிருக்கும். பல வண்டிகளில் பெட்ரோல் மூடியைச் சுற்றியுள்ள குழியில் மழைநீர் வடிய ஒரு சிறு துளை உண்டு. அது மண்ணால் அடைத்திருந்தால் ஐப்பசி மழை முழுவதும் அந்தக் குழியில் நின்று, மூடி வழியாக உள்ளே கசியும். ஒரு மெல்லிய கம்பியால் குத்திவிட்டால் தீர்ந்தது. இதைப் பலரும் கவனிப்பதில்லை. வண்டியை நாள்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்க்கை நிரப்பி நிறுத்துங்கள். காலி இடம் குறைந்தால் ஈரக் காற்றும் குறையும். டேப்பை மூடி, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை எஞ்சினை ஓடவிடுவது இன்னும் நல்லது.

பெட்ரோலில் எவ்வளவு எத்தனால் இருக்கிறது என்று பார்க்க ஆசையா? பாரிமுனைப் பக்கம் ஆய்வகச் சாமான் கடையில் 100 மில்லி அளவு உருளை ஒன்று வாங்குங்கள். ஃப்ளோட் பவுல் வடிகால் ஸ்க்ரூ வழியாகப் பிடித்த பெட்ரோல் 80 மில்லி, தண்ணீர் 20 மில்லி ஊற்றிக் குலுக்கி வையுங்கள், அடுப்பு, சிகரெட் எதுவும் அருகில் இல்லாத இடத்தில். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும். அடியில் நிற்கும் தண்ணீர் 36 மில்லியை ஒட்டி ஏறினால், கூடிய 16 மில்லி எத்தனால், அதாவது 80இல் 20 சதவீதம்.

மைலேஜ் குறையத்தான் செய்யும். லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. கணக்குப் போட்டால் கலப்பே இல்லாத பெட்ரோலைவிட ஆறு ஏழு சதவீதம், 10 சதவீதக் கலவையைவிட மூன்று நான்கு சதவீதம் இழப்பு. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 43க்கு வந்தால் எத்தனாலைச் சொல்லலாம். 35க்கு வந்தால் டயரில் காற்று, ஏர் ஃபில்டர், ஒட்டிக்கொண்ட பிரேக் ஆகியவற்றைப் பாருங்கள்.

மிஞ்சியது முழு எத்தனால் ஆசை. ஜெட்டைத் துளைபோட்டுப் பெரிதாக்கினால் முழு எத்தனாலிலேயே ஓட்டலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். ஓடத்தான் செய்யும், ஆனால் பெட்ரோலைப்போல ஒன்றரை மடங்குக்குமேல் எரிபொருள் விட வேண்டும், இடையில் சாதாரண பெட்ரோல் போட்டால் புகை கக்கும். பதிவுச் சான்றிதழில் உள்ள எரிபொருளை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின் கீழ் வருகிறது. அனுமதி இல்லாமல் செய்தால் விபத்து நேரத்தில் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்க அதுவே காரணமாகும். எத்தனால் வண்டிதான் வேண்டும் என்றால் அப்படியே வடிவமைத்த வண்டியைத் தேடுங்கள். டிவிஎஸ் 2019இல் அப்பாச்சி ஆர்டிஆர் 200இன் எத்தனால் மாடலையும், ஹோண்டா 2024இல் சிபி300எஃப் ஃப்ளெக்ஸ் மாடலையும் கொண்டுவந்தன. இரண்டுமே கார்புரேட்டர் இல்லாத, எரிபொருளை மின்னணு முறையில் அளந்து பீய்ச்சும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டிகள்.